அக்கா பெயரை நிறுத்திப் பிடித்தேன்

என் அக்கா ஒரு சீரியலில் டப்பிங் பேசினாள். கடைசியில் ஓடும் பெயர்களில் அவள் பெயரும் வரும் என்று, வல்லம் வடகாலில் என்னோடு அறையெடுத்துத் தங்கியிருந்த கம்பெனிப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே டிவியில் அவற்றை ஓரத்தில் நசுக்கிவிட்டு, அடுத்த நிகழ்ச்சியின் டிரெய்லர் கத்தும்.

"உங்கக்கா பேரு எங்க கீது?" என்று சிரிப்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அதே சீரியலை செல்போனில் போட்டேன். பெயர்கள் வந்ததும் அதுவும் அடுத்த எபிசோடுக்குத் தாவப் பார்த்தது. சட்டென்று விரலை வைத்து நிறுத்தினேன். அக்காவின் பெயர் அசையாமல் நின்றது. அறையே கைதட்டியது. உடனே அவளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"பேரு தப்பில்லாம போட்டுகீறாங்களா?" என்றாள்.

"சூப்பரா கீதுக்கா!" என்று எல்லாரும் கத்தினார்கள்.