போலீஸ்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

வார லீவே விடாத பனியன் கம்பெனி மீது தொழிலாளர்களின் வக்கீலாக வழக்குப் போட்டேன். "கோர்ட்டுல இருந்து உசுரோட ஊடு போய்ச் சேர மாட்டே" என்று போனில் ஒருவன் மிரட்டினான். புகார் கொடுத்ததும் பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் அவர் தயங்கிக்கொண்டே, "ஏனுங்க மேடம், அந்தக் கேசுல எங்களையும் சேத்திக்க முடியுங்களா? லீவு எடுத்து ரெண்டு மாசமாச்சுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அன்றே அவருடைய அதிகாரிக்குச் சூடாக ஒரு மனு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. மாற்று ஆள் கேட்கத்தான் மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு காலையிலேயே மிரட்டியவன் போனில் கூப்பிட்டான்.

"இன்னிக்குக்கூட உன்ற மொதலாளி லீவு விடலியாடா? வா, உனக்கும் சேர்த்துக் கேசு போடறேன்!" என்று கத்தினேன்.

அவன் குரலைத் தாழ்த்தி, "லீவு கெடைக்க எத்தன நாளாகுமுங்க?" என்றான்.