ஆண்டு மட்டும் தெரிந்தவர்கள்

ஒரே கணினி மொழியில் நிரல் எழுதுகிற பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கொழும்பில் கூடுவோம். திகதியைக் கணக்கிடுவது, பட்டியலை அடுக்குவது போன்ற வேலைகளுக்கு ஆளாளுக்கு ஒரு லைப்ரரி, அதாவது எந்த நிரலிலும் எடுத்துச் சேர்க்கக்கூடிய ஆயத்த நிரல் துண்டு, எழுதி வைத்திருந்தோம். ஒருவருடையதை இன்னொருவரின் நிரலுக்குள் கொண்டுபோனால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஒரு வேலைக்குப் பொதுவாக ஒரே லைப்ரரி போதும் என்று 2006இல் முடிவானது. நல்ல முடிவுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

திகதிக்கு மூன்று லைப்ரரிகள் போட்டியிட்டன. ஒன்று என்னுடையது. நான் அப்போது இரத்தினபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில், தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அச்சிடும் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். பிறகு அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பார்கள். பலருக்கு அதில் ஆண்டு மட்டும்தான் இருக்கும். அதனால் மாதத்தையும் நாளையும் வெறுமையாக விட என் லைப்ரரி இடம் கொடுத்தது. மற்ற இரண்டும் வெறுமையைக் கண்டால் ஜனவரி ஒன்று என்று தாங்களே நிரப்பிவிடும்.

பிறந்த நாளே தெரியாத ஆள் எங்கே இருக்கிறான் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் அண்ணன் அப்படிப்பட்ட ஆள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏசி அறையில், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவே வெட்கமாக இருந்தது. நானும் சிரித்தேன். வேறொருவருடைய லைப்ரரிக்குக் கையும் தூக்கினேன்.

அடுத்த மாதம் எங்கள் நிரலையும் அதற்கு மாற்றினேன். கட்டுக்கட்டாக அச்சிட்ட விண்ணப்பங்களோடு அண்ணனுடையதும் போனது. விண்ணப்பத்தில் ஜனவரி ஒன்று, சான்றிதழில் வெறும் ஆண்டு. பொருந்தவில்லை என்று அடையாள அட்டைக் கந்தோர் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொடுத்தோம், காத்திருக்கச் சொன்னார்கள்.

அட்டை இல்லாத தமிழன் பஸ் ஏறுவதே வில்லங்கமாக இருந்த யுத்த காலம் அது. காய்ச்சல்கார மகளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்ணனைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சிங்களம் தண்ணீராகப் பேசுவான், பயிற்சி கொடுத்து அனுப்பிய ஆளோ என்று அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஐந்து மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் நாள் வேலைக்குப் பேர் போட மாட்டோம் என்றுவிட்டார்கள்.

ஜனவரி ஒன்று எப்படி வந்தது என்று அவனிடம் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து.

"விடு பாப்பா. கந்தோருல செஞ்ச வேலைக்கு நீ என்னா செய்வ," என்றான். இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை.

அன்றைக்கே குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் அண்ணனுக்குப் பிறந்த நாள் தெரியாது, எங்கள் லயத்தில் இன்னும் பலருக்குத் தெரியாது, லைப்ரரி அதை ஏற்க வேண்டும் என்று. மாலைக்குள் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. திருத்தியவர் கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார்.

"சின்ன வேலைதாங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்போம்."