மூணு கடை ஜீவராணி

ஜீவராணிக்கு ஒரு கிலோ பருப்பு வேண்டுமென்றால் ராகலை டவுனில் மூன்று கடை ஏறி இறங்குவாள். ரிஸ்வி முதலாளியின் கடை, அதற்கு நேர் எதிரே புதிதாகத் திறந்த பெரிய கடை, கீழே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூட்டுறவுக் கடை. மூன்றிலும் விலை கேட்டுவிட்டு, எது குறைவோ அங்கே திரும்பிப் போவாள். பத்து ரூபாய் மிச்சமென்றாலும் மழையில் நனைந்துகொண்டு ஏற்றம் ஏறுவாள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அவளுக்கு ‘மூணு கடை’ என்றே பேர். அதற்கு அவள் கோபித்துக்கொண்டதில்லை. சனிக்கிழமை டவுனுக்குக் கிளம்பும் முன் நாங்கள் எல்லாரும் அவள் வாசலில்தான் நிற்போம். சீனி எங்கே வாங்கலாம், சவர்க்காரம் எங்கே மலிவு என்று அவள் சொன்னால் எங்களுக்கு வேதவாக்கு.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். புருஷன் போன பிறகு தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளத்தையும் அந்தப் பத்து ரூபாய்களையும் வைத்துத்தான் ஒரே மகள் நிலக்ஷியைப் படிக்க வைத்தாள். மகளும் தாயைப் போலத்தான். பள்ளிக்கூடக் கொப்பி வாங்கப் போனால்கூட இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வருவாள். ஏ.எல். பரீட்சை முடித்ததும் ரிஸ்வி முதலாளியின் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. காலையில் போய்ப் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். பிள்ளை கண் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஜீவராணியின் ஆசை. வேறு எதையும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போன வருடம் சித்திரைப் புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்பு. ரிஸ்வி முதலாளியின் கடையில் கால் வைக்க இடமில்லை. கூடையோடு வரிசையில் நின்ற ஜீவராணி, பில் போட்டுக்கொண்டிருந்த மகளிடம் உரக்கக் கேட்டாள்.

“பருப்பு முந்நூத்திப் பத்தா? எதிர்க்கடையில எரநூத்தித் தொண்ணூறுதானே!”

நிலக்ஷி தலையை நிமிர்த்தவில்லை. “சும்மா இருங்கம்மா.”

“நா என்னா இல்லாததச் சொல்லிட்டேன்? இப்பதான் கேட்டுட்டு வாறேன்.”

லயத்து வாசலில் சொல்வதைப் போலத்தான் அங்கேயும் சொன்னாள். வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனோம். ஆமாம், நானும்தான் போனேன். இருபது ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

ரிஸ்வி முதலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. வருடப்பிறப்பு முடிந்து கடை திறந்ததும் நிலக்ஷியைக் கூப்பிட்டு, கணக்கை முடித்துச் சம்பளத்தைக் கையில் கொடுத்தாராம்.

“ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. ஆனா அம்மா ஏங் கடைக்குள்ள நின்னுகிட்டே எதிர்க்கடை வெலயச் சொன்னா, நா எப்புடி யாவாரம் பண்றது?”

வீட்டுக்கு வந்து நிலக்ஷி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தாள். அடுத்த வாரம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை என்று பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறை. சாமான் வாங்குவதும் சமைப்பதும் இவள் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிலக்ஷி அம்மாவுக்குப் போன் எடுப்பாள். எனக்கும் ஜீவராணிக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகாது. அவள் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். வேண்டாமென்றாலும் எல்லாம் என் காதில் விழும். முதல் தடவை ‘சாப்பிட்டியா’, ‘ஆமா’ என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. மகள் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில், “அங்க தக்காளி என்னா வெல?” என்று கேட்டாள் ஜீவராணி. நிலக்ஷி சொன்னாள். கரட் கேட்டாள், அதையும் சொன்னாள். அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் அதுதான் பேச்சு. அங்கே தேங்காய் என்ன விலை, இங்கே என்ன விலை என்று ஒரு பத்து நிமிடம் ஓடும். பிறகு ஜீவராணி போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அழுது நான் கேட்டதில்லை. முதலில் எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. போகப் போக மரத்துவிட்டது. அவளுக்கு எனக்கு முன்பே மரத்திருக்கும்.

இப்போதும் சனிக்கிழமைகளில் மூன்று கடை ஏறுகிறாள். ஆனால் சாமானை முதல் கடையிலேயே வாங்கிவிடுகிறாள். மற்ற இரண்டிலும் விலை மட்டும் கேட்டுக்கொள்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்ல.

போன தீபாவளிக்கு லீவு இல்லை என்றாள் நிலக்ஷி. பொங்கலுக்கும் வரவில்லை, வருடப்பிறப்புக்கும் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தது. “வாறியா?” என்று நேராகக் கேட்க ஜீவராணிக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் விலை பேசி முடிந்தது, கோதுமை மா முடிந்தது, கருவாடும் முடிந்தது.

“அங்கருந்து ராகலைக்கு பஸ்ஸு இப்ப எவ்வளவு எடுக்குறாங்க?”

சுவருக்கு இந்தப் பக்கம் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன்.

“தெரியலம்மா.”

“கூடிருச்சுன்னாங்க. கேட்டுப் பாக்கலயா?”

“இல்லம்மா. கேக்கல.”

வாங்குகிற எண்ணம் இல்லாத பொருளுக்கு அந்தப் பிள்ளை விலை கேட்காது. அடுத்த வீட்டுக்காரி எனக்கே அது தெரியும்.

பிறகு ஜீவராணியின் குரல் எப்போதும் போலவே வந்தது.

“சரி. முட்ட அங்க என்னா வெல?”