கிளச் பிடியும் கிண்ணியாப் பாதையும்

காலை ஏழு இருபதுக்குப் பாதையின் சங்கிலியை அவிழ்த்தார்கள். என் மகள் எங்கள் காரோடு அதில் இருந்தாள். நான் கரையில் நின்றேன்.

வாகனங்களை ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோகும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வாகனம் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே சாரதி மட்டும்தான் இருக்கலாம். மற்றவர்கள் நடந்துதான் ஏறவேண்டும். அன்றும் வழமைபோல் நான் இறங்கினேன், மகள் காரை ஏற்றினாள். பின்னால் மா மூட்டை லொறி ஒன்று ஏறியது. அதன் பின்சில்லு ஈரப் பலகையில் வழுக்க, ஆட்களை விலகி நிற்கச் சொன்னார்கள். விலகினேன். லொறி நேரானதும் எல்லாரும் ஏறியாயிற்று என்று நினைத்துப் பாதைக்காரர் சங்கிலியை விட்டுவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ, நான் ஏறேல்லை!"

"அடுத்த நடையில வாங்க ரீச்சர்! மகளைப் பத்திரமா இறக்கி வெக்கிறன்" என்று அவர் சிரித்தார்.

பாதைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போனது. என் கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அனுமதிக் கடிதம் அதற்குள் இருந்தது. மகளிடம் கார் மட்டும் இருந்தது.

மகளுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலை எடுத்துக்கொண்டது. படித்தாள், ஆசிரியையானாள், நான் படிப்பிக்கும் கிண்ணியாப் பள்ளிக்கூடத்துக்கே நியமனமும் கிடைத்தது. பள்ளித் தவணை ஒன்று முழுக்க பஸ்ஸில் வந்து பார்த்தாள். மிதிபலகையில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை விழுந்த அன்று, "இனி ஏலாது அம்மா. வேலையை விடுறன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

கணவர் விட்டுப்போன பழைய கார் ஒன்று வீட்டில் நின்றது. கடற்படைத் தளத்தை விட்டு இங்கிலீசுக்காரர் போன காலத்தில் ஒரு அதிகாரியிடம் வாங்கியது. புதுக் கார் நாட்டுக்குள் வராத அந்த நாட்களில் பழைய காரைத்தான் எல்லாரும் வெட்டி ஒட்டி ஓட்டினார்கள். ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த கராஜ்காரர் ஸ்டியறிங்கின் வலப்பக்கத்தில் ஒரு இரும்புப் பிடி வைத்துத் தந்தார். அதை இழுத்தால் கிளச் அழுந்தும். இடது காலுக்கு வேலை இல்லை.

மாற்றியது சுகம். அதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் பாடு. வாகனப் பரிசோதகர் மாதத்தில் ஒருநாள் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வளவுக்கு வருவார். அவர் பிடியை இழுத்துப் பார்த்தார், குனிந்து கம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"லைசன்ஸ் கேக்கிறது உங்கட மகளுக்கோ, காருக்கோ எண்டே எனக்கு விளங்கேல்லை ரீச்சர்."

"ரெண்டுக்கும்தான் ஐயா."

"ஒரு கை கியரில, மற்றக் கை கிளச்சில. ஸ்டியறிங்கை ஆர் பிடிக்கிறது? ஆண்டவனோ?"

மகள் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். "கிளச்சை விரலால இழுப்பன் ஐயா. உள்ளங்கை ஸ்டியறிங்கிலதான் இருக்கும். பாருங்கோ."

அவர் பார்த்தார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தாள். பிறகு என்னிடம், "உங்களிட்ட லைசன்ஸ் இருக்குத்தானே? நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாமே" என்றார்.

"எனக்குப் பிறகு ஐயா?"

அவர் பேனையை எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிக அனுமதி எழுதித் தந்தார். மகள் ஓட்டலாம், ஆனால் றோட்டில் லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இடையில் பொலிசிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் பிடியைக் கழற்றிக் காரைப் பழையபடி ஆக்கிக் காட்டவேண்டும். நாங்கள் தலையாட்டினோம். பாதையைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு சட்டமும் நியாயமானவைதான். பாதை சரிந்தால் வாகனத்துக்குள் இருப்பவர்கள் வெளியே வர ஏலாது என்று ஒன்று. பழக்கமில்லாத கையை நம்பி றோட்டை விட ஏலாது என்று மற்றது. ஒன்று என்னை இறங்கச் சொன்னது, மற்றது இருக்கச் சொன்னது. அதே பாதையில் நானும் நடந்து ஏறி, அக்கரையில் இறங்கியதும் காருக்குள் ஏறிவிடுவதால் ஒவ்வொரு நாளும் எப்படியோ தப்பினோம். அன்று மூன்றாம் மாதத்தின் கடைசிக் கிழமை, அனுமதி முடிய ஒரு வாரம்கூட இல்லை.

பாதை அக்கரையில் முட்டியது. கார் சின்னதாய்த் தெரிந்தது. இறங்குதுறை ஏற்றத்தில் முன்சில்லு ஏறியதும் கார் நின்றது. பிறகு பின்னுக்கு உருண்டது. கொஞ்சந்தான். ஆனால் அதற்குப் பின்னால் தண்ணீர். தினமும் அவள் பக்கத்தில் இருக்கும்போது என் வலது கை கைப்பிறேக்கின் மேலேயே இருக்கும். அன்று அந்தக் கை கைப்பையின் வாரை இழுத்துப் பிடித்தபடி நின்றது. வார் அறுந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். இன்றைக்கும் எங்காவது சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டால் அந்தக் கை குளிர்ந்துவிடுகிறது.

கார் மெல்ல ஏறிக் கரை சேர்ந்தது, ஓரமாய் நின்றது. துறையடியில் நின்ற பொலிஸ்காரர் அதை நோக்கி நடந்தார். சன்னலால் மகளின் கை வெளியே வந்தது. அவர் எதையோ வாங்கினார். லொறி நடுவில் வந்து எல்லாவற்றையும் மறைத்தது. லொறி போன பிறகு பார்த்தால் அவர் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "என்னா ரீச்சர், பள்ளிக்குப் பிந்தினா புள்ளயள் மாதிரி உங்களையும் வாங்கு மேல ஏத்தி நிக்க வெப்பாங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் மறுபக்கம் திரும்பிவிட்டார்.

பாதை வந்துசேர எவ்வளவு நேரமானது என்று தெரியாது. பொலிசுக்குச் சொல்லவேண்டியதை மனதில் அடுக்கினேன். கராஜ்காரர் பிடியைக் கழற்றுவதைப் பார்த்தேன். மகள் பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு கையால் தொங்குவதைப் பார்த்தேன். இல்லை, அவள் தொங்கவும் மாட்டாள். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, எனக்குச் சோறு கட்டித் தந்து, நான் போவதைப் பார்ப்பாள்.

பொலிஸ்காரர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். அவர் வாயைத் திறக்க முன்னமே நான் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. தன் கையை விரித்தார். அதில் சாவி வளையத்தோடு கார்த் திறப்பு இருந்தது.

"உங்கட மகள் தந்தவ. 'பாதையால தனிய இறக்கிறது சாரதிட வேலை, இறக்கிட்டன். றோட்டில அம்மா இல்லாமல் ஒரு முழமும் ஓட்டமாட்டன், போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு சொல்லுறா. பொலிசை ஆள் கூப்பிட அனுப்பிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"முறைப்பாடு..." என்றேன்.

"என்னத்தை எழுத? கெதியா வாங்கோ ரீச்சர், மணி அடிக்கப்போகுது. இந்த முறை லொறிக்கு முதல் நீங்கள் ஏறுங்கோ."