சாகக் கூடாதவனுக்கு ஒரு கிண்ணம் சூப்

“பாரு, பாரு! கிழவர் மாத்திரையை உருளைக்கிழங்குக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காரு!” என்று ஒரு தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறார் அக்கா. வார்டுகளிலிருந்து திரும்பி வரும் தட்டுகள் எதையும் அவர் கண்ணில் படாமல் கழுவப் போடக் கூடாது. மிச்சத்தைப் பார்த்தே நோயாளியின் நிலைமையைச் சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். “இந்தம்மா நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பிடும்” என்று அவர் சொன்ன அம்மா இன்னும் மூன்றாவது மாடியில்தான் படுத்திருக்கிறார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா இவர்?

எங்கள் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்கு இவர்தான் ராணி. கொதிக்கும் அண்டாவை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைப்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அண்டாக்கா, முகத்துக்கு நேரே வெறும் அக்கா. நான் எக்ஸ்ரே பிரிவு. டீக்காக அங்கே போய் நிற்பேன். என்னை அவர் “போட்டோக்காரரே” என்றுதான் கூப்பிடுவார். எலும்பைப் படம் பிடிப்பதும் கல்யாணத்தைப் படம் பிடிப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தபோது அக்காவின் தம்பி அங்கே இருந்தார். பஸ் டிரைவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது மாடியில் கிடக்கிறார். குண்டு வைத்தவன் தப்பி ஓடுவதற்குள் அது அவனையும் சாய்த்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, கீழ்த்தளத்தில் ஏழாம் அறையில், வாசலில் போலீஸ் காவலோடு கிடக்கிறான். இரண்டு பேருக்கும் நான்தான் படம் எடுத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே எலும்பாகத்தான் தெரிந்தன. செய்த பாவம் எங்கேயாவது தென்படுகிறதா என்று அவன் படத்தை நெடுநேரம் பார்த்தேன். அகப்படவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் சமையற்கட்டே நீதிமன்றமாகிவிட்டது.

“தூக்கா? அது ரெண்டு நிமிஷ வேலை. அவனுக்கு என்ன வலிச்சுடப் போகுது? என்கிட்ட விடுங்க. தினம் ஒரு மூட்டை வெங்காயம். சாகற வரைக்கும் உட்கார்ந்து உரிக்கணும். அழுதான்னா இன்னொரு மூட்டை!” என்று தீர்ப்புச் சொன்னார் அக்கா.

வெங்காயம் உரிக்கிற அந்த வேலையை எங்கள் சமையற்கட்டில் ஆண்டுக்கணக்காகச் செய்துவருபவர் வக்கீல். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. “அப்ப நான் என்ன தப்புக்கா செஞ்சேன்?” என்று கண்ணீர் வழியக் கேட்டார். அது வெங்காயக் கண்ணீரா சொந்தக் கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா ஒண்ணு. தீர்ப்பு வர்ற வரைக்கும் அவன் குற்றம் சாட்டப்பட்டவன்தான். சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“என் தம்பி காலு தீர்ப்பு வரட்டும்னு காத்துக்கிட்டா இருந்துச்சு?”

வக்கீல் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஏழாம் அறைத் தட்டு தொடாமல் திரும்ப ஆரம்பித்தது. முதல் நாள் அக்காவுக்கு ஒரே குஷி. “கிடக்கட்டும் பட்டினி, சாகட்டும்!” அடுத்த நாள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கும் அடுத்த நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“என்னவாம் துரைக்கு? சூப்புல என்ன குறையாம்?”

“நீங்கதானக்கா அவன் சாகட்டும்னீங்க?” என்றார் வக்கீல்.

“சாகட்டும்னுதான் சொன்னேன். என் சூப்பைத் தொடாம சாகச் சொன்னேனா?”

அன்று மத்தியானம் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் படத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். “டேய், அந்தப் பாவி பச்சைத் தண்ணி கூடத் தொடறதில்லையாம். கடவுள் கண்ணைத் தொறந்துட்டாரு” என்று ஏதோ நல்ல சேதி போலச் சொன்னார்.

தம்பி ஸ்பூனைக் கீழே வைத்தார். “அவன் சாகக் கூடாதுக்கா.”

“என்னடா உளர்றே?”

“அவன் செத்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது? என் பஸ்ஸுல ஏறி உட்கார்ந்திருந்தவங்க அவனுக்கு என்ன பண்ணாங்க? கோர்ட்ல அவன் முன்னாடி நின்னு, ‘ஏன்டா செஞ்சே?’ன்னு நான் ஒரு வார்த்தை கேக்கணும். பட்டினி கிடந்து நைசா நழுவிட்டான்னா? அப்புறம் சுவத்தையா கேக்கறது?”

கால் போன நாளிலிருந்து அழாத மனிதர் அப்போது அழுதார். அக்கா தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கீழே வந்தால், ஏழாம் அறைக்காரனுக்கு மூக்கில் குழாய் போட்டு உணவு செலுத்தப் போவதாகப் பேச்சு.

“குழாயா? நான் ஒருத்தி இருக்கும்போது குழாயா!”

சின்னப் பாத்திரம் ஒன்றைத் தேடி எடுத்தார். வெண்ணெய் போட்டு வெங்காயம் வதக்கினார். காய்களைப் பொடியாக நறுக்கினார். ஒவ்வொரு கிளறலுக்கும் ஒரு வசவு. “தின்னுடா, கட்டையில போறவனே! நீ நல்லா இருக்கணும்டா, படுபாவி! உடம்பு தேறி நடந்து வரணும்டா நீ!” சாபமும் வாழ்த்தும் இப்படிக் கலந்து நான் கேட்டதே இல்லை. வாசனை வராந்தா வரைக்கும் போனது.

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. “ஒழுங்கா இருக்கறவனுக்கு அண்டா சூப்பு, குண்டு வெச்சவனுக்குத் தனிச் சூப்பா? என்னக்கா நியாயம் இது?”

“வாயை மூடுடா. நியாயம் நடக்கணும்னுதான்டா சமைக்கிறேன்!”

தட்டு திரும்பி வந்தது. அக்கா பாய்ந்து வாங்கினார். கிண்ணம் காலி, ரொட்டியால் வழித்துத் தின்றிருக்கிறான். அக்காவுக்குச் சிரிப்பு பொங்கி வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. தட்டின் ஓரத்தில் கேரட் துண்டுகள். ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து ஒதுக்கி வைத்திருந்தான்.

“துரைக்குக் கேரட் பிடிக்காதாம்!” என்றார் வக்கீல்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இத்தனை பேரைக் கொல்லத் துணிஞ்சவன், சின்னப் புள்ளை மாதிரி பொறுக்கி வெச்சிருக்கான் பாருங்க போட்டோக்காரரே. இவனுக்கும் ஒருத்தி கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியிருப்பா, இல்ல?”

நான் தட்டை எட்டிப் பார்த்தேன்.

“அதுக்காக? பாவம்னு விட்டுடணுமா? ஒரு நாளும் மாட்டேன்!” என்று என் மேலேயே பாய்ந்தார். நான் வாயையே திறக்கவில்லை.

மறுநாளும் சின்னப் பாத்திரம் அடுப்பில் ஏறியது. ஏழாம் அறைக் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கரண்டியின் முதுகால் கேரட்டையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, தெளிந்த சூப்பாக முகந்து ஊற்றினார் அக்கா. நிமிர்ந்தால், நானும் வக்கீலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. மறுபடி கரண்டியை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே பெரிய கேரட் துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, கிண்ணத்தின் நடுவில் தொப்பென்று போட்டார்.