செபமாலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்

என் அப்பா சந்தியாகு திருச்சி வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறியவர். போன மாதம் இறந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அவர் குரல்தான். வாழைத்தாரைத் தரையில் சாய்ப்பதற்குள் விலை நாலு பேரைத் தாண்டிப் போயிருக்கும். யார் புருவத்தை அசைத்தாலும் அவருக்குத் தெரியும். அவர் முடித்தால் முடிந்தது. மண்டியில் யாரும் அவரை இடைமறித்ததில்லை. வீட்டில் அம்மா மட்டும் இடைமறிப்பார்.

அம்மா போன மறுவருடம், 1961-இல், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அறிவில் ஒரு குறையும் இல்லை. சொற்கள் உள்ளே இருந்தன, வெளியே வரத்தான் நேரமாயிற்று.

நான் நெய்வேலியில் மின்பொறியாளன். என்னோடு வந்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கோவிலும் அம்மாவின் கல்லறையும் எங்கள் வீடு இருந்த பாலக்கரையில்தான் இருந்தன. ஆகவே, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. என் லீவு முடிவதற்குள் கிடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாலையானால் செபமாலை. ஒருவர் 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்கும் மாதா மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் இரண்டாம் பாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். முதல் பாதி எப்போதும் அப்பாவுடையது. அம்மா போனபின் பதில் சொல்ல ஆளில்லை. வருகிறவன் தூக்கிவிடவும் வேண்டும், மந்திரமும் தெரிந்திருக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்தேன்.

பக்கத்து வீட்டு சாரா பீவி சிரித்தார்.

"குளிப்பாட்ட ஆள் தேடுறியா தம்பி, கோவில் பாட்டுக்கு ஆள் தேடுறியா?"

"ரெண்டும்தாங்க."

"அப்போ சாமியாரையே கூட்டிட்டு வந்து வச்சுக்க."

சாமியார் அனுப்பியவர் அமிர்தராஜ். மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். சுத்தமானவர், கருணையுள்ளவர். அப்பாவைக் குழந்தையைப் போலத் தூக்கினார். நான் பாதி நிம்மதி அடைந்தேன்.

மாலையில் அப்பா செபமாலையை இடது கையில் எடுத்தார்.

"பிரிய... பிரியதத்..."

"பிரியதத்தத்தினாலே" என்று அமிர்தராஜ் எடுத்துக் கொடுத்தார். அப்பா மறுபடி தொடங்கினார். மறுபடி எடுத்துக் கொடுத்தார். செபமாலையின் மூன்றாவது மணி வந்தபோது முதல் பாதியையும் அவரே சொல்லி, பதிலையும் அவரே சொன்னார்.

"நீங்க சிரமப்படாதீங்கய்யா. மனசுக்குள்ள சொன்னா போதும். மாதா கேப்பாங்க."

அப்பா செபமாலையைத் தலையணைக்கடியில் வைத்தார். அதன்பின் அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பாடு குறைந்தது. இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

"என்ன குறைப்பா?"

"அவன்..."

"சமையல் பிடிக்கலையா?"

"அவன்..."

"தூக்கும்போது வலிக்குதா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாரா பீவியின் குரல் வந்தது.

"கேள்வியும் நீ, பதிலும் நீ. அவரு எதுக்குப்பா நடுவுல?"

அமிர்தராஜின் ஊரில் தேர்த் திருவிழா வந்தது. அவர் போய்வரும்வரை இருக்கட்டும் என்று சாரா பீவி ஓர் ஆளை அனுப்பினார். பெயர் வெள்ளைச்சாமி. முக்கொம்புப் பக்கம் வாழைத்தோட்டத்தில் காவல் இருந்தவர். இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து இலைக்கட்டு கொண்டுவந்து சாரா பீவியின் வீட்டுக்காரருடைய இலைக்கடையில் போடுபவர். நெற்றி நிறையத் திருநீறு. சமையல் தெரியாது, கஞ்சி வைப்பார்.

அன்று மாலை அப்பா தானாகவே செபமாலையை எடுத்தார். வெள்ளைச்சாமி கட்டிலருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு நான் என்னங்கய்யா செய்யணும்?"

அப்பா விரலைத் தூக்கி, இரு என்று காட்டினார். பிறகு தொடங்கினார்.

"பிரிய... பிரிய..."

அடுக்களை வாசலில் நின்ற எனக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெள்ளைச்சாமிக்கு வரவில்லை. அடுத்து வருவது என்னவென்றே அவருக்குத் தெரியாது. உதவ அவரிடம் ஒன்றுமில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட இடைவெளி வந்தது.

"முடிஞ்சுதுங்களா?"

"இல்ல" என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார்.

"சரி, சொல்லுங்க."

அப்பா முழுப் பாதியையும் சொன்னார். வியர்த்துவிட்டது. பிறகு பதிலை ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொடுத்தார். 'அர்ச்சியசிஷ்ட' என்ற இடத்தில் வெள்ளைச்சாமி மாட்டிக்கொண்டார்.

"இது என்னங்கய்யா, பல்லு விழுந்துடும் போல இருக்கு?"

அப்பா சிரித்தார். வியாதி வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. அன்று ஒரே ஒரு மந்திரம்தான் முடிந்தது.

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அமிர்தராஜ்... நல்லவன். ஆனா... நான் சொல்ல வேண்டியத..."

அடுத்த சொல் என்னிடம் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"...அவனே சொல்லிடறான். இவன்... இருக்கட்டும்."

நான் மந்திரம் தெரிந்த ஆளைத் தேடியிருந்தேன். அப்பாவுக்கு வேண்டியது, தான் முடிக்கும்வரை காத்திருக்கிற ஆள்.

அமிர்தராஜிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. கோவில் வாசலில் ஒரு பெரியவர் கோபப்பட்டார்.

"ஏம்ப்பா சந்தியாகு, திருநீறு பூசுறவன்தான் உனக்குப் பிரியதத்தத்துக்குப் பதில் சொல்றானாம்?"

அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடியே பதிலைத் தொடங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு காலை மாற்றினார், மறுகாலை மாற்றினார்.

"நீங்க... வாங்க... சாயங்காலம். நீங்க சொல்லுங்க."

பெரியவர் வரவில்லை.

வெள்ளைச்சாமி கடைசிவரை இருந்தார். செபமாலை முழுவதும் முடிய மாதக்கணக்கில் ஆயிற்று. அவர் திருநீற்றை விடவும் இல்லை, அப்பா விடச் சொல்லவும் இல்லை. கஞ்சியில் உப்பு அதிகமென்று அப்பா அவரை வைவார். வசவு முடியும்வரை அவர் கரண்டியோடு நிற்பார். முடிந்ததும், "அதிகம்தாங்க" என்பார்.

நான் விடுமுறைக்கு வருவேன், போவேன். வந்தால் வீட்டில் இருப்பதைவிட பில், மருந்துக்கடை, ஓடு மாற்றுவது என்று வெளியே சுற்றுவதுதான் அதிகம்.

அடக்கம் முடிந்த மறுநாள் வெள்ளைச்சாமி மூட்டை கட்டினார். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"அப்பா உங்ககிட்ட நெறையப் பேசுவாரா?"

"பேசாம? அம்மாவப் பத்தி, மண்டியப் பத்தி, ஒங்களப் பத்தி. எதத் தம்பி சொல்ல?"

"என்னை..." என்று தொடங்கி நிறுத்தினேன். அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"மண்டியப் பத்திச் சொல்லுங்க" என்றேன். "என்னைப் பத்தி இன்னொரு நாள் கேட்டுக்கிறேன்."