தார்ப்பாய்க்குள் பச்சையப்பனின் எஸ்யூவி

ஏம்பலத்தில் கரும்பு போடுகிற பச்சையப்பன், ஐந்து வருடம் ஓடிய சின்ன எஸ்யூவி ஒன்றை வாங்கினார். வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட மகளை வளைகாப்பு முடிந்ததும் அதில்தான் அழைத்து வர வேண்டுமாம். சம்பந்தி வாயைப் பிளக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு மாதம் கிடந்தது. அதுவரை வண்டியில் தூசுகூட உட்காரக் கூடாதென்று, கழனி ஓரம் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டார்.

"யோவ், தெனம் ஒரு தாட்டி ஸ்டார்ட் பண்ணு. கரும்பு வெட்டுறாங்க, எலியெல்லாம் எங்க போவும்?" என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

"நீ இன்னா மெக்கானிக்கா? போயி கொழம்பப் பாரு."

வளைகாப்பன்று கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருகினார். வண்டி இருமக்கூட இல்லை. பானெட்டைத் தூக்கினால், கடித்துப் போட்ட ஒயர்களுக்கு நடுவே, காய்ந்த கரும்புத் தோகையில் மெத்தை போட்டு எலி ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

"புள்ளத்தாச்சிய கூட்டியாரத்தான வாங்குன? இங்க ஒருத்தி பெத்தே போட்டுட்டா!"

"கொஞ்சம் இருடி, மெக்கானிக் வருவான்."

"நல்ல நேரம் அவனுக்காவ நிக்குமா?"

அஞ்சலாட்சி வளையல் தட்டோடு ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். "வர்றியா, இல்ல எலிக்குப் பத்தியம் ஆக்கப் போறியா?"

பச்சையப்பன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து, டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.